மோட்டார்ஹோமுக்கு எந்த அலாரம்? ஆகஸ்டில் லூர்து போகிறோம்

#1 | ஸ்லோ கோவைக்காரன் | ஏப்ரல் 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஸ்லோ என்ற ஊரில் இருக்கிறோம். இரண்டு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் பழைய மோட்டார்ஹோம் ஒன்று, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கக்கூடிய வண்டி, வாங்கினோம். ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டியது, 2016 மாடல், ஐந்து படுக்கை. (ஊருக்கு ஃபோன் செய்து "கேரவன் மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கோம்" என்றேன். "யாரை வெச்சுப் படம் எடுக்கறே?" என்றார் அம்மா.)

ஆகஸ்டில் மாமியார் வருகிறார். வேளாங்கண்ணிக்கு வருஷம் தவறாமல் போகிறவர், பிரான்ஸின் தெற்கில் இருக்கும் லூர்து மாதா கோயிலையும் பார்க்க வேண்டும் என்கிறார். போர்ட்ஸ்மத்தில் கப்பல் ஏறி பிரான்ஸ் வழியாகக் கீழே போவதாகத் திட்டம். பிரான்ஸில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தித் தூங்கினால் திருடன் வருவான் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மனைவிக்குப் பயம் வந்துவிட்டது.

அலாரம் பொருத்தும் ஒருவரிடம் கேட்டேன். முழுசாகச் செய்ய 700 பவுண்டு என்றார். கூடவே தூங்கும்போது திருடர்கள் அடிக்கும் மயக்க வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் தனியாக 120 பவுண்டாம். இணையத்தில் பார்த்தால் 60 பவுண்டுக்கே ரிமோட்டோடு ஒரு அலாரம் கிடைக்கிறது. இன்சூரன்ஸ்காரர் வேறு "தாட்சம் அங்கீகாரம் உண்டா?" என்று கேட்கிறார். எதை வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.


#2 | பூட்டு போதும் | ஏப்ரல் 6, இரவு 10:15

தம்பி, அந்த 700 பவுண்டுக்கு டீசல் அடித்துக்கொண்டு போய் வாருங்கள்.

சூப்பர்மார்க்கெட் வாசலில் கார் அலாரம் அடித்தால் நீங்கள் கடைசியாக எப்போது திரும்பிப் பார்த்தீர்கள்? நான் எப்போதும் பார்த்ததில்லை. "எவன்டா இது" என்று திட்டிவிட்டுப் போய்விடுவேன். ஸ்டியரிங்கை முழுசாக மூடும் மஞ்சள் பூட்டு ஒன்று, வாசல் கதவுக்கு வெளியே தெரிகிற மாதிரி பெரிய கைப்பிடிப் பூட்டு ஒன்று. திருடன் அதைப் பார்த்ததும் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவான். பதினோரு வருஷம் இப்படித்தான் ஓட்டுகிறேன்.


#3 | ஹாரோ சித்தப்பா | ஏப்ரல் 7, காலை 7:05

கோவைத் தம்பி, எந்த அலாரம் என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. எதைக் காவல் காக்கப் போகிறீர்கள்?

முப்பது வருஷம் வாகன மின்வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வருகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் "நல்ல அலாரமாகப் போட்டுவிடுங்கள்" என்றுதான் சொல்வார்கள். நல்லது என்றால் எதற்கு நல்லது? யார்டில் நாலு மாதம் சும்மா நிற்கும் வண்டியை யாரோ ஓட்டிக்கொண்டு போவது ஒரு களவு. நீங்கள் கடற்கரைக்குப் போன ஒரு மணி நேரத்தில் ஜன்னலை நெம்பி லேப்டாப்பை எடுப்பது இன்னொரு களவு. நீங்கள் உள்ளே படுத்திருக்கும்போதே கதவைத் திறந்து கைப்பையை எடுப்பது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று விதமான ஆள் வருவான், மூன்றையும் தடுக்கிற சாமானும் வேறு வேறு. 

வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, நாய் இருக்கிறதா, வண்டியின் திறப்பு எத்தனை உங்களிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு கதைக்கலாம்.


#4 | ஸ்லோ கோவைக்காரன் | ஏப்ரல் 7, மதியம் 1:20

திறப்பு என்றால் சாவிதானே சித்தப்பா? ஒரு நிமிஷம் யோசித்தேன். இரண்டு சாவி கொடுத்தார்கள், அதில் ஒன்றில்தான் ரிமோட் வேலை செய்கிறது.

எங்கள் வீடு வரிசை வீடு, முன்னால் நிறுத்த இடம் இல்லை. பத்து மைல் தள்ளி வேலி போட்ட ஸ்டோரேஜ் யார்டில் நிற்கிறது. அங்கே மின்சார இணைப்பு கிடையாது. மாதம் ஒரு தடவை எடுப்போம். நாய் இல்லை, பசங்க இரண்டு பேர், அதற்குச் சமம்.


#5 | ஹாரோ சித்தப்பா | ஏப்ரல் 7, இரவு 8:50

சரி, தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் தாட்சம். தாட்சம் ரிசர்ச் என்பது இங்கிலாந்து இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சோதனை நிலையம். அலாரமும் இம்மொபிலைசரும் (சரியான திறப்பு இல்லாமல் இஞ்சின் ஓடாதபடி தடுக்கிற கருவி) சேர்ந்திருந்தால் அது முதல் பிரிவு. இம்மொபிலைசர் மட்டும் என்றால் இரண்டாம் பிரிவு. இம்மொபிலைசர் ஏற்கெனவே உள்ள வண்டிக்கு அலாரத்தை மட்டும் சேர்த்து முதல் பிரிவுக்கு உயர்த்துவதை இரண்டு-ஒன்று என்பார்கள். உங்கள் டுகாட்டோவில் இம்மொபிலைசர் தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்கும். ஆகவே இன்சூரன்ஸ்காரர் என்ன கேட்கிறார் என்று எழுத்தில் வாங்குங்கள். சிலர் இம்மொபிலைசரோடு திருப்திப்படுவார்கள், சிலர் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் கேட்பார்கள். இன்னொன்று முக்கியம்: அலாரம் இருக்கிறது என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதை ஒவ்வொரு தடவையும் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். போடாத அன்று களவு போனால் பணம் வராமல் போகலாம்.

அடுத்தது, கார் அலாரம் வேறு, மோட்டார்ஹோம் அலாரம் வேறு. உங்கள் திறப்பில் பொத்தானை அமுக்கினால் எது பூட்டுகிறது? முன்பக்க டிரைவர் கதவும் பயணியர் கதவும். வீட்டுப் பகுதிக் கதவுக்குப் பல வண்டிகளில் தனித் திறப்பு. ஜன்னல்கள், கூரை ஜன்னல், வெளிப்பக்க லாக்கர்கள் எதையும் முன்பக்க மூளைக்குத் தெரியாது. 60 பவுண்டு அலாரம் முன்கதவு இரண்டையும்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டு ஜன்னல் அக்ரிலிக் பிளாஸ்டிக், ஒரு திருப்புளியால் நெம்பினால் கொக்கி கழன்றுவிடும். களவெடுப்பவனுக்கு அது தெரியும்.

உட்புறத்தில் ஆள் அசைவதைப் பார்க்கிற சென்சார் இரண்டு மூன்று வகை. உடம்புச் சூட்டைப் பார்க்கிற பி.ஐ.ஆர்., ஒலி அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்கிற அல்ட்ராசானிக், மைக்ரோவேவ். மோட்டார்ஹோமில் காற்று வருவதற்கென்றே மூட முடியாத ஓட்டைகள் கூரையிலும் தரையிலும் உண்டு. காற்றில் திரை ஆடினால் அல்ட்ராசானிக் கத்தும். பி.ஐ.ஆர். அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் அதன் கண்ணாடி மேல் ஒரு சிலந்தி நடந்தால் போதும்.

எந்த அசைவு சென்சாரும் நீங்கள் வெளியே போகும்போதுதான் உதவும். உள்ளே ஐந்து பேர் படுத்திருக்கும்போது அதை அணைத்துத்தான் ஆக வேண்டும். இரவுக்கு வேண்டியது சுற்றுக் காவல். கதவிலும் ஜன்னலிலும் லாக்கரிலும் காந்தம் ஒரு பக்கம், சுவிட்ச் மறுபக்கம். இரண்டும் விலகினால் சத்தம். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இரவில் உள்ளே படுத்துக்கொண்டு, சுற்றுக் காவலை மட்டும் போட முடியுமா?" அவர் தலையைச் சொறிந்தால் வேறு கடைக்குப் போங்கள். டாண்டனில் இருக்கும் வேன்பிட்ஸ் மோட்டார்ஹோமுக்கென்றே அலாரம் செய்கிறவர்கள், அங்கேயும் விலை கேட்டுப் பாருங்கள்.

சைரன் இரண்டு வையுங்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. பூட்டுத் தம்பி சொன்னது சரி, வெளியே அடிக்கும் சைரனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே அடிப்பது வேறு கதை. அந்தச் சின்ன இடத்தில் காதைக் கிழிக்கும் சத்தத்தில் நின்று அலமாரி அலமாரியாகத் தேட ஒருவனாலும் முடியாது. அவனுக்கு இருபது நிமிஷம் கிடைத்திருக்க வேண்டும், முப்பது விநாடி கிடைக்கிறது. அவ்வளவுதான் அலாரத்தின் வேலை.

பற்றறிக் கணக்கு நாளைக்கு. கை வலிக்கிறது.


#6 | ராத்திரி ஷிஃப்ட் | ஏப்ரல் 8, அதிகாலை 4:10

அண்ணா, அந்த 120 பவுண்டைக் கொடுக்காதீர்கள்!

நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிறவள். ஜன்னல் இடுக்கு வழியாக வாயுவை அடித்து, தூங்குகிறவர்களை எழுந்திருக்காதபடி செய்துவிட்டுத் திருடுகிறார்கள் என்ற கதை இருபது வருஷத்துக்கு மேலாகச் சுற்றுகிறது. 2015இல் கார் பந்தய வீரர் ஜென்சன் பட்டன் செயின்ட் ட்ரோப்பே வில்லாவில் தங்கியிருந்தபோது திருட்டு நடந்தது, அப்போதும் இதே பேச்சுதான் வந்தது. இங்கிலாந்தின் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் காலேஜ் இது நடக்கக்கூடிய காரியம் இல்லை, கட்டுக்கதை என்றே சொல்லிவிட்டது.

ஏன் முடியாது என்று எங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன். ஈதர் என்றால் நெடி தாங்காது, கண்ணும் தொண்டையும் எரியும், தூங்குகிறவர் இருமிக்கொண்டு எழுந்துவிடுவார். இப்போது நாங்கள் பயன்படுத்தும் மருந்துகள் ஒரு பாட்டிலே விலை அதிகம். ஒரு வேன் முழுக்க அந்த அளவுக்கு நிரப்ப எவ்வளவு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படியே நிரப்பினாலும், பக்கத்தில் ஆள் நின்று மூச்சைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் உள்ளே இருக்கிறவர்களில் யாராவது இறந்துபோவார்கள். குழந்தைக்கும் பாட்டிக்கும் ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. இத்தனை திறமை உள்ளவன் கைப்பை திருட ஏன் வருகிறான்?

நாள் முழுக்க வண்டி ஓட்டி, வெயிலில் அலைந்து, ராத்திரி இரண்டு கிளாஸ் வைன் குடித்தவர்கள் அசந்து தூங்குகிறார்கள். காலையில் தலை பாரமாக இருக்கிறது. "திருடன் வந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன்" என்பதைவிட "வாயு அடித்துவிட்டான்" என்று சொல்வது கௌரவமாக இருக்கிறது, வேறென்ன.

உங்களை உண்மையில் கொல்லக்கூடியது கார்பன் மோனாக்சைடு. அது திருடன் கொண்டுவருவதல்ல, நீங்களே அடுப்பிலும் ஹீட்டரிலும் உண்டாக்குவது. மழை வருகிறது என்று அணைந்த மாதிரி தெரியும் கரி அடுப்பை முன்கூடாரத்துக்குள் இழுத்து வைத்துவிட்டுத் தூங்கிச் செத்துப்போன குடும்பங்கள் உண்டு. அந்த அலாரம் 20, 30 பவுண்டுதான். அதை வாங்கிவிட்டு அப்புறம் திருடனைப் பற்றிக் கவலைப்படுங்கள்.


#7 | ஸ்லோ கோவைக்காரன் | ஏப்ரல் 8, காலை 8:30

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ அந்த ஆள் நம்மை ஏமாத்தப் பார்த்தானா?" என்கிறாள். அவரும் நம்பித்தான் விற்கிறாரோ என்னவோ.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வண்டியோடு வந்தது ஒன்று இருக்கிறது. படுக்கைக்குக் கீழே தரைப்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். சரிதானா?


#8 | ராத்திரி ஷிஃப்ட் | ஏப்ரல் 8, காலை 9:00

இல்லை! மேலே எடுங்கள். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடைதான், துளி லேசு. படுத்திருக்கும்போதோ உட்கார்ந்திருக்கும்போதோ தலை இருக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். வாங்கும்போது பின்னால் ஈ.என். 50291-2 என்று இருக்கிறதா பாருங்கள். கடைசியில் 1 என்றால் வீட்டுக்கு, 2 என்றால் படகுக்கும் கேரவனுக்கும், குலுக்கலும் குளிரும் தாங்கும். காலாவதி வருஷமும் போட்டிருக்கும்.

கேஸ் சிலிண்டரின் வாயு, புரோப்பேனோ பியூட்டேனோ, காற்றைவிடக் கனம். அது கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதைக் கண்டுபிடிக்கிற அலாரம்தான் கீழே இருக்க வேண்டும். யாரோ இரண்டையும் குழப்பியிருக்கிறார்கள்.


#9 | இழுவை வண்டி | ஏப்ரல் 8, மாலை 6:45

இதோடு ஒன்று சேர்க்கிறேன். தரையில் சின்ன ஓட்டைகள் இருக்கும், கசிந்த வாயு கீழே வடிந்து போவதற்காக. குளிர் வருகிறது என்று அதன் மேல் கார்ப்பெட் போடாதீர்கள். நான் வாங்கிய கேரவனில் முந்தைய சொந்தக்காரர் டேப் ஒட்டி அடைத்து வைத்திருந்தார்.

நான் மோட்டார்ஹோம்காரன் இல்லை, காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவன். எங்களுக்கு நிலைமை வேறு. இஞ்சினே இல்லாததால் இம்மொபிலைசர் என்ற பேச்சே கிடையாது. திருடனுக்கு வேண்டியது கொக்கி உள்ள கார் ஒன்று. அதனால் எனக்கு முதலில் சக்கரப் பூட்டு, ஆல்கோ செக்யூர். சக்கரத்தின் துளை வழியாக அடிச்சட்டத்துக்கே போய்ப் பூட்டும். துளை நேராக வந்து நிற்கக் கேரவனை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். மழையில் இதைச் செய்யும்போது வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பாள்.

அலாரத்தில் எனக்கு வேண்டியது சாய்வு சென்சார். யாராவது ஜாக்கி வைத்துத் தூக்கினாலோ கொக்கியை உயர்த்தினாலோ அடிக்கும். ஆனால் நாலு மூலை ஊன்றுகாலையும் இறக்காமல் அதைப் போட்டால் காற்றுக்கே அடிக்கும். ஒரு பிப்ரவரிப் புயலில் மூன்று ராத்திரி தொடர்ந்து அடித்து, யார்டுக்காரர் ஃபோன் செய்து கெஞ்சினார். கோவை சார், யார்டு என்றதும் கேட்கிறேன், அந்த இடத்துக்குக் கசோவா தரச் சான்று இருக்கிறதா? கேரவன் ஸ்டோரேஜ் இடங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தருவார்கள். இன்சூரன்ஸில் கேட்பார்கள்.


#10 | ஹாரோ சித்தப்பா | ஏப்ரல் 8, இரவு 9:15

பற்றறிக் கணக்கு.

அலாரம் ஒரு 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். டிராக்கர் 10. வண்டியின் சொந்த மின்கருவிகள், ரேடியோ எல்லாம் தூங்கிக்கொண்டே 20. மொத்தம் 50. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளைக்கு 36. இஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பற்றறி 95 ஆம்பியர்-மணி என்றால் பாதிக்குக் கீழே போகவிடக் கூடாது, 47 வரைதான் கையில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை எடுத்து நன்றாக ஓட்டினால் தப்பிக்கலாம். குளிர்காலத்தில் இரண்டு மாதம் விட்டால் இறந்துவிடும். பற்றறி இறந்தால் அலாரமும் இறந்துவிடும், தன் சொந்தப் பற்றறி உள்ள சைரன் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். மின்சாரம் இல்லாத யார்டு என்றால் கூரையில் ஒரு சோலார் பலகை போட்டு, அது ஸ்டார்ட்டர் பற்றறிக்கும் போகும்படி இணைக்க வேண்டும். பல வண்டிகளில் சோலார், வீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் வீட்டுப் பற்றறிக்கு மட்டும்தான் போகும். ஆட்கள் கூரையில் சோலார் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள், ஸ்டார்ட்டர் பற்றறி கீழே பட்டினி கிடக்கும்.

பிறகு இந்த டுகாட்டோ முன்கதவு. கைப்பிடிக்குக் கீழே தகட்டைத் துளைத்து உள்ளே கம்பியை விட்டு நெம்பித் திறக்கிற வேலை பெயர் போனது. அலாரம் அடிப்பதற்கு முன்னால் கதவு திறக்கக் கூடாது என்று எண்ணினால், அந்த இடத்துக்கு ஒரு இரும்புக் கவசத் தகடும், தனியாக டெட்லாக் என்ற கூடுதல் பூட்டு ஒன்றும் போடுங்கள். ஆக பூட்டுத் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. பூட்டு நேரம் வாங்கிக் கொடுக்கும், அலாரம் அந்த நேரத்தில் உங்களை எழுப்பும்.


#11 | ரூர் நதிக்கரை | ஏப்ரல் 9, மதியம் 12:30

ஜெர்மனி டோர்ட்முண்டில் இருந்து. எங்களுடையது பத்து வருஷப் பழைய வேன், வயர் இழுக்க மனசில்லை. தித்ரோனிக் என்று ஜெர்மன் நிறுவனம், வயர் இல்லாத காந்த சென்சார்கள் விற்கிறது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒன்று ஒட்டினோம். வருஷத்துக்கு ஒரு தடவை சின்ன மின்கலம் மாற்ற வேண்டும், அது மட்டும்தான் தொல்லை. ஜன்னலைக் காற்றுக்குக் கொஞ்சம் திறந்து கொக்கியில் வைத்து, அந்த நிலையிலேயே காவல் போடலாம். ஆகஸ்டில் பிரான்ஸின் தெற்கில் ஜன்னலை மூடிக்கொண்டு உங்களால் படுக்க முடியாது, இதை யோசியுங்கள்.

ரிமோட்டை அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற பழக்கத்தையும் விடுங்கள். பக்கத்தில் ஒருவன் ரிமோட் சிக்னலை மறிக்கிற ஜாமர் வைத்திருந்தால் வண்டி பூட்டியே இருக்காது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் நகர்வேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. இங்கே ஹாம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒவ்வொரு வருஷமும் வேனில் போவோம். சுற்று வீதி முழுக்க வெளியூர் வாகனம். சேலை மாற்றி, நகையைப் போட்டு, பிறகு கனமான அட்டியலையும் வளையலையும் கழற்றி "வேனுக்குள் பத்திரமாக இருக்கும்" என்று சீனி டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். லூர்துக்கும் நம் ஆட்கள் அப்படித்தான் போவார்கள். ஆகஸ்ட் 15 திருநாளுக்கு லண்டன், பாரிஸ், சுவிஸ் எல்லா இடத்திலிருந்தும் தமிழர்கள் வந்து நிற்பார்கள், எல்லார் வாகனத்திலும் நகை இருக்கும் என்பது வெளியாட்களுக்கும் தெரியும். மாமியாரின் நகையை ஸ்லோவிலேயே வைத்துவிட்டு வாருங்கள் அண்ணா. கடவுச்சீட்டுக்கு இருக்கையின் அடியில் போல்ட் போட்ட சின்னப் பெட்டகம் போதும்.


#12 | ஸ்லோ கோவைக்காரன் | ஏப்ரல் 9, இரவு 10:05

அக்கா, சீனி டப்பா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எங்கள் மாமியார் அரிசி டப்பா.

டிராக்கர் பற்றி யாராவது சொல்லுங்கள். பொருள் எங்கே இருக்கிறது என்று ஃபோனில் காட்டும் ஆப்பிள் வில்லை, அந்த ஏர்டேக் ஒன்றைச் சீட்டுக்குள் தைத்துவிட்டால் போதாதா?


#13 | பூட்டு போதும் | ஏப்ரல் 10, காலை 7:40

ஏர்டேக் போடுங்கள், ஆனால் நம்பாதீர்கள். பக்கத்தில் யாரோ ஒருவருடைய ஐஃபோன் போனால்தான் இடம் தெரியும். கூடவே திருடனிடம் ஐஃபோன் இருந்தால் "உங்களோடு ஒரு ஏர்டேக் பயணம் செய்கிறது" என்று அவனுக்கே செய்தி போகும். மற்றவர்களை வேவு பார்க்கக் கூடாது என்று வைத்த ஏற்பாடு, இங்கே நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

சரியான டிராக்கர் என்றால் தாட்சம் எஸ்5 அல்லது எஸ்7. பழைய ஐந்து, ஆறு, ஏழாம் பிரிவுகளுக்குப் பதிலாக 2019இல் வந்தவை. இரண்டிலும் 24 மணி நேரக் கண்காணிப்பு மையம் உண்டு, வருஷச் சந்தாவும் உண்டு. எஸ்5இல் டிரைவர் கையில் ஒரு அட்டை இருக்கும், அது இல்லாமல் வண்டி நகர்ந்தால் உடனே மையத்துக்குத் தெரியும், மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கவும் முடியும். எஸ்7 வண்டி எங்கே என்று மட்டும் காட்டும்.

பழைய டிராக்கரை இரண்டாம் கையாக வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் 3ஜி மூடும் வேலை 2024, 2025இல் நடந்தது, 2ஜி 2033க்குள் போய்விடும். அதை நம்பியிருக்கும் பெட்டி அதற்குப் பிறகு வெறும் பிளாஸ்டிக்.

பாருங்கள், அலாரம் வேண்டாம் என்று சொன்னவன் நான், டிராக்கர் மட்டும் என் வண்டியிலும் உண்டு. சித்தப்பா சிரிக்க வேண்டாம்.


#14 | ஹாரோ சித்தப்பா | ஏப்ரல் 10, காலை 8:00

சிரிக்கவில்லை. இருமினேன்.


#15 | ஸ்லோ கோவைக்காரன் | மே 24, அதிகாலை 3:35

யாராவது விழித்திருக்கிறீர்களா? நியூ ஃபாரஸ்டில் கேம்ப்சைட்டில் இருக்கிறோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்துவிட்டது. எல்லோரும் வெளியே வந்து புல்லில் போர்வையோடு நிற்கிறோம். ஹீட்டர் போடவில்லை, அடுப்பு எட்டு மணிக்கே அணைத்தது. அலாரம் கெட்டுப்போய்விட்டதா? பசங்களுக்குத் தூக்கம் வருகிறது.


#16 | ராத்திரி ஷிஃப்ட் | மே 24, அதிகாலை 3:38

உள்ளே போகாதீர்கள். அலாரத்தின் மின்கலத்தைக் கழற்றிவிட்டுத் தூங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும். யாருக்காவது தலைவலி, வாந்தி, தலைசுற்றல்? இருந்தால் உடனே அவசர உதவி 999க்கு ஃபோன் செய்யுங்கள். பக்கத்துக் கூடாரத்தில் யாராவது கரி அடுப்பு வைத்திருக்கிறார்களா, ஜெனரேட்டர் ஓடுகிறதா?


#17 | ஸ்லோ கோவைக்காரன் | மே 24, அதிகாலை 3:46

யாருக்கும் ஒன்றும் இல்லை. பக்கத்தில் அடுப்பும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. வாசல் பக்கம் மட்டும் அழுகிய முட்டை நாற்றம்.


#18 | ஹாரோ சித்தப்பா | மே 24, அதிகாலை 3:52

முட்டை நாற்றமா? பற்றறி!

கம்பத்தில் இருந்து மின்சாரம் இழுத்திருப்பீர்கள். முதலில் கம்பத்துப் பக்கத்தில் அதை அணையுங்கள். வண்டிக்குள் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், பற்றறி வயரைக் கழற்றாதீர்கள், தீக்குச்சி சிகரெட் கிட்டவே வேண்டாம். வீட்டுப் பற்றறியின் ஒரு செல் செத்துப்போய், சார்ஜர் விடாமல் ஏற்றிக்கொண்டிருக்கும். பற்றறி கொதித்து ஹைட்ரஜன் வெளியே வரும். கார்பன் மோனாக்சைடு சென்சாருக்கு ஹைட்ரஜனையும் அதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டுக்கும் கத்தும். அலாரம் கெடவில்லை தம்பி. நாற்றம் முழுதும் போகும் வரைக்கும், பெட்டி ஆறும் வரைக்கும் வெளியே இருங்கள்.


#19 | ஸ்லோ கோவைக்காரன் | மே 25, மாலை 5:10

அணைத்து மூன்று மணி நேரம் கழித்தும் சீட்டுக்குக் கீழே இருந்த பற்றறிப் பெட்டி சூடாக இருந்தது. பக்கவாட்டில் உப்பியிருந்தது. சைட்டுக்கு வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "நல்லவேளை, தூங்கிக்கொண்டே இருக்கவில்லை" என்றார். புதுசு போட்டாயிற்று. முன்பு படுக்கைக்குக் கீழே இருந்த அலாரம், ராத்திரி ஷிஃப்ட் சொன்ன பிறகு தலைமாட்டுக்கு ஏறியது. அடித்ததும் எழுந்தது எட்டு வயதுப் பெண்தான், எனக்குக் கேட்கவே இல்லை.

எல்லோருக்கும் நன்றி. வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.


#20 | ஸ்லோ கோவைக்காரன் | ஆகஸ்ட் 27, இரவு 9:20

போய்விட்டு வந்தோம். யாராவது இந்த இழையைத் தேடி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கடைசியில் செய்தது இது. முன்கதவு இரண்டுக்கும் கவசத் தகடும் டெட்லாக்கும். மோட்டார்ஹோமுக்கென்று உள்ள அலாரம், கதவு ஜன்னல் லாக்கர் எல்லாவற்றுக்கும் காந்த சென்சாரோடு, சைரன் உள்ளே ஒன்று வெளியே ஒன்று. இன்சூரன்ஸ்காரர் எழுத்தில் கேட்டது எஸ்7 டிராக்கர் மட்டும்தான், அதையும் போட்டோம். சோலாரை ஸ்டார்ட்டர் பற்றறிக்கும் இணைத்தது சித்தப்பா. ஹாரோவில் அவர் வீட்டு வாசலில் ஒரு சனிக்கிழமை, கூலி வாங்க மறுத்துவிட்டு மனைவி செய்த பருப்பு வடையை மட்டும் எடுத்துக்கொண்டார். மொத்தச் செலவு அந்த 700ஐத் தாண்டிவிட்டது, மறைக்கவில்லை. மயக்க வாயு அலாரம் வாங்கவில்லை.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை. பகலில் சாப்பிட மட்டும் நின்றோம், அப்போதும் ஒருவர் வண்டியிலேயே. இரவுக்கு வழியை விட்டு இறங்கி ஊருக்குள் இருக்கும் சின்ன கேம்ப்சைட்டுகளுக்குப் போய்விடுவோம். அலாரத்தைவிட இதுதான் அதிகமாக உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 

அலாரம் இரண்டு தடவை அடித்தது. ஒன்று, பையன் ஜன்னலைத் திறந்து பூனையைக் கூப்பிட்டான். இன்னொன்று லூர்தில், அதிகாலை நாலரை மணி. கேம்ப்சைட் முழுக்க விளக்கு எரிந்தது, பக்கத்து வண்டிக்காரர் டார்ச்சோடு ஓடி வந்தார். வாசலில் மாமியார், குளித்து முடித்து, கையில் ஜெபமாலையோடு. கூட்டம் வருவதற்கு முன்னால் மாதா குகைக்குப் போய்விட்டு வரலாம் என்று சத்தம் போடாமல் கதவைத் திறந்திருக்கிறார்.


#21 | ரூர் நதிக்கரை | ஆகஸ்ட் 27, இரவு 9:45

நகை?


#22 | ஸ்லோ கோவைக்காரன் | ஆகஸ்ட் 27, இரவு 9:50

அரிசி டப்பாவில்தான் அக்கா. பிரான்ஸில் பாயோன் ஊரைத் தாண்டிய பிறகுதான் மாமியார் சொன்னார். அன்று மதியம் சோறு வடித்துவிட்டாள் மனைவி, கம்மல் ஒன்று குக்கருக்குள் இருந்தது.